பளு தூக்கி முடித்த அரை மணி நேரத்துக்குள் புரோட்டீன் பவுடர் குடித்தே ஆக வேண்டுமா?

வேலூர் மாவட்டத்தின் சிறிய ஊர் ஒன்றிலிருந்து 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பளு தூக்கும் பயிற்சியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. எடை 51 கிலோ. 53 கிலோ பிரிவில் மாவட்டப் போட்டிக்குத் தயாராகிறார். என்றாவது விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை வாங்கிவிட வேண்டும் என்பது ஆசை. காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் அம்மா கட்டிக்கொடுக்கும் தக்காளி சாதமோ சாம்பார் சாதமோ. மாலை 5 மணிக்குத் தொடங்கும் பயிற்சி ஏழரைக்கு முடிகிறது. பேருந்து பிடித்து வீடு வர ஒன்பதாகிவிடும். அப்புறம் கொஞ்சம் ரசம் சோறு. எடை 53ஐத் தாண்டிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்தும் வருகிறார். பயிற்சி முடிந்ததும் கை நடுங்குகிறது, பேருந்தில் தலை சுற்றுகிறது.

உடன் பயிற்சி செய்யும் சீனியர் அண்ணா ஒருவர், "அரை மணி நேரத்துக்குள் புரோட்டீன் குடிக்காவிட்டால் தூக்கியதெல்லாம் வீண்" என்கிறார். அவரே ஒரு கிலோ டப்பா 2,800 ரூபாய்க்குத் தருகிறாராம், பில் கிடையாது. கூடவே பிசிஏஏ (புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களில் மூன்றைச் சேர்த்து விற்கும் பவுடர்), கிரியேட்டின் (தசைக்கு உடனடிச் சக்தி கிடைக்க உதவும் பொருள்) இரண்டும் வேண்டும் என்கிறார். இவர் 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார். பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கும் அம்மாவோ, "கிட்னி போயிடும், குரல் ஆம்பளைக் குரலாயிடும், நாளைக்குக் குழந்தை பிறக்காது" என்று அழுகிறார். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் பயம் இன்னும் அதிகம். "வாங்கலாமா, வேண்டாமா? வேண்டாமென்றால் பயிற்சிக்குப் பிறகு என்னதான் சாப்பிடுவது?" இதுதான் கேள்வி. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: "இரண்டு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. பயிற்சி செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று தோழிகள் சொல்கிறார்கள்."

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மருத்துவராக, உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பயிற்சி செய்தால் மாதவிடாய் நிற்பது இயல்பு என்று தோழிகள் சொல்வது தவறு. விளையாட்டு வீராங்கனைகளிடம் இது அடிக்கடி நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அடிக்கடி நடப்பதெல்லாம் இயல்பு ஆகிவிடாது. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால், மூளை முதலில் கைவைப்பது உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளில்தான். சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களைக் குறைக்கிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது, பிறகு நின்றே போகிறது. அதோடு ஈஸ்ட்ரோஜனும் குறைவதால் எலும்பு பலவீனமாகிறது. உங்கள் வயதில் எலும்பு இன்னும் உறுதி சேர்த்துக்கொண்டிருக்கிறது. பளு தூக்குவது எலும்புக்கு மிக நல்ல பயிற்சி. ஆனால் பட்டினியோடு தூக்கினால் அந்த நன்மையை ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்துவிடுகிறோம்.

காரணம் சாப்பாட்டுக் குறைவுதான் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. தைராய்டு, நீர்க்கட்டிப் பிரச்சினை, புரோலாக்டின் ஹார்மோன் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆகவே மூன்றாவது மாதம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே பக்கத்து அரசு மருத்துவமனையில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். அவர் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னால் மனம் வருந்த வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போன எல்லோருக்கும் முதலில் செய்யும் வழக்கமான பரிசோதனை அது. ஹீமோகுளோபினையும், முடிந்தால் உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் அது இரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருப்பதை 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. தலைசுற்றலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இரும்புச்சத்து குறைவாக இருக்கும்போது எத்தனை ஸ்கூப் புரோட்டீன் குடித்தாலும் அந்தச் சோர்வு போகாது.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அந்த அரை மணி நேரக் கணக்கு

சீனியர் அண்ணா பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் பயிற்சி நூல்களிலேயே இந்தக் கருத்து இருந்தது. ஆனால் பயிற்சிக்குப் பிறகு தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலை அரை மணியில் முடிவதில்லை, குறைந்தது 24 மணி நேரம் நடக்கிறது. புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இன்னும் நீளும். 2013ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாள் முழுவதும் சாப்பிட்ட புரதத்தின் அளவைக் கணக்கில் எடுத்ததும் 'உடனே குடித்தவர், தாமதமாகக் குடித்தவர்' என்ற வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. நாள் முழுவதும் எவ்வளவு என்பதுதான் பெரிய கேள்வி. எப்போது என்பது அதற்குப் பிறகுதான்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மதியம் சாப்பிடுகிறீர்கள், அடுத்த சாப்பாடு இரவு ஒன்பதுக்குத்தான். ஏறக்குறைய எட்டு மணி நேர இடைவெளி, நடுவில் இரண்டரை மணி நேரம் ஸ்நாட்ச், ஜெர்க், ஸ்குவாட் என்று பளுவோடு பயிற்சி. கை நடுங்காமல் என்ன செய்யும்? அதனால் நீங்கள் சீக்கிரம் சாப்பிடத்தான் வேண்டும். வயிறு காலியாக இருப்பதால் சொல்கிறேனே தவிர, 'தசை கரைந்துவிடும்' என்ற பயத்தில் சொல்லவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், உங்களுக்கு முதலில் தேவை பயிற்சிக்கு முந்தைய சாப்பாடு. நான்கு மணிக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். வேலூர் வெயில் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். உப்புப் போட்ட நீர்மோர் அந்த இழப்பை நன்றாக ஈடுகட்டும்.

உங்களுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

சாதாரண வேலை செய்யும் பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. 51 கிலோவுக்கு அது 42 கிராம். பளு தூக்குகிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 1.6 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். அதாவது உங்களுக்கு நாளொன்றுக்கு 70 முதல் 80 கிராம். அதற்கு மேல் போவதால் பெரிய பலன் இல்லை. நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். 35 கிராம் தேறினாலே அதிகம்.

சீனியர் அண்ணா ஒரு விஷயத்தில் சரி, உங்களுக்குப் புரதம் போதவில்லை. அது டப்பாவிலிருந்துதான் வர வேண்டும் என்று அவர் நினைப்பதுதான் தவறு. ஒரு ஸ்கூப்பில் சுமார் 24 கிராம் புரதம் என்று போட்டிருக்கும். நான்கு முட்டையிலும் அதே அளவு இருக்கிறது. கிலோ டப்பாவில் சுமார் 30 ஸ்கூப் என்றால், அவர் சொல்லும் விலைக்கு ஸ்கூப் ஒன்று 90 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நான்கு முட்டை என்ன விலை என்று உங்கள் தெருக்கடையில் கேட்டுப் பாருங்கள். மஞ்சள் கருவைத் தூக்கி எறிய வேண்டாம். முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதி அதில்தான் இருக்கிறது, மற்ற சத்துகளில் பெரும்பகுதியும் அதில்தான்.

உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி ஒரு நாளை இப்படி அமைக்கலாம் என்று நினைக்கிறேன். காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு ஓடாமல் இரண்டு அவித்த முட்டையும் இரண்டு இட்லியும், 16 கிராம் புரதம். மதிய டப்பாவில் சாம்பார் சாதத்தைப் பருப்புக் கெட்டியாக வைக்கச் சொல்லுங்கள். ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு இதற்கு நன்றாகவே போதும். கூடவே ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். சோறு, பருப்பு, சுண்டல் மூன்றும் சேர்ந்து 20 கிராமைத் தாண்டும். அரிசியில் குறையும் அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. நம் ஊர்ச் சாம்பார் சாதத்தை ஏழைச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு மணிக்கு நான் சொன்ன வாழைப்பழமும் வேர்க்கடலையும், 8 கிராம்.

பயிற்சி முடிந்ததும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பையிலிருந்து ஒரு பெரிய கைப்பிடி பொட்டுக்கடலை. 50 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 11 கிராம் புரதம். அதோடு ஒரு பழம், நிலையத்தில் ஒரு டம்ளர் பால். பால் 200 மில்லிக்கு 6 கிராம். உங்கள் எடைக்கு ஒரு வேளைக்கு 15 முதல் 20 கிராம் போதும் என்பதால், சீனியர் அண்ணா சொல்லும் பவுடர் செய்யும் வேலையை இது செய்துவிடும். பழத்திலும் கடலையிலும் உள்ள மாவுச்சத்து, தசையில் தீர்ந்துபோன சக்தியையும் திரும்ப நிரப்பும். இந்த வேலையை வெறும் புரோட்டீன் பவுடர் செய்யாது.

இரவில் ரசம் சோற்றை விட வேண்டாம். அதன் பக்கத்தில் ஏதாவது ஒன்று வரட்டும். 30 கிராம் மீல் மேக்கர் போட்டுக் குழம்பு வைத்தால் 15 கிராம் புரதம். மத்தி கிடைக்கும் நாளில் மத்தி. புரட்டாசியிலும் வெள்ளி, சனியிலும் வீட்டில் முட்டை சமைக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாட்களுக்கு மீல் மேக்கர், தயிர், பாசிப்பயறு. கூட்டிப் பாருங்கள், 80 வந்துவிடுகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள்: சாப்பாட்டோடு டீ வேண்டாம். டீயிலுள்ள டானின் இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தாலோ, பிறகு ஒரு கொய்யா சாப்பிட்டாலோ இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

53ஐத் தாண்டினால் என்ன?

இவ்வளவும் சாப்பிட்டால் எடை ஏறும் என்று பயப்படுவீர்கள். ஏறட்டும். ஐந்து மாதம் ஆன ஒருவர் எடைப் பிரிவுக்காக உடம்பைக் குறுக்குவது, பிள்ளைக்குச் சட்டை சின்னதாகிவிட்டதென்று பிள்ளையின் சாப்பாட்டை நிறுத்துவது போல. 53ஐத் தாண்டினால் அதற்கு மேல் அடுத்த பிரிவு இருக்கிறது. கர்ணம் மல்லேஸ்வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1994லும் 1995லும் அவர் உலகச் சாம்பியன் ஆனது 54 கிலோ பிரிவில். 2000ல் சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது 69 கிலோ பிரிவில். இந்தியப் பெண் ஒருவர் ஒலிம்பிக்கில் வென்ற முதல் பதக்கம் அது. உங்கள் பயிற்சியாளரிடம் இதை வெளிப்படையாகப் பேசுங்கள். மாதவிடாய் நின்றதையும் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் மருத்துவர் எழுதித் தரும் சீட்டைக் காட்டுங்கள்.

அம்மாவின் பயத்தில் எது உண்மை?

அம்மாவின் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. இரண்டு வேறு விஷயங்கள் அவர் மனதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. டப்பாவில் விற்கும் பவுடர் பெரும்பாலும் வே புரோட்டீன், அது பாலிலிருந்து சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் நீரிலிருந்து செய்வது. அசல் வே புரோட்டீன் குரலை மாற்றாது, குழந்தைப்பேற்றைத் தடுக்காது. அவற்றையெல்லாம் செய்பவை ஸ்டீராய்டுகள். ஆண்களுக்கான ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட ஊசிகளும் மாத்திரைகளும் அவை. பெண்களுக்கு அவற்றால் மாதவிடாய் நிற்கும், முகத்தில் முடி வளரும். தடித்த குரல், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி திரும்பாமல் போகலாம். டப்பாவில் தொடங்கிப் பிறகு 'ஒரே ஒரு ஊசி' என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சையின்போது இறங்கிய இரத்த அழுத்தத்தை ஏற்றப் பயன்படும் மெஃபென்டெர்மின் ஊசியைக்கூட 'தெம்புக்கு' என்று ஜிம்களில் சிலர் போட்டுக்கொள்கிறார்கள். இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய பழக்கம் அது. யார் நீட்டினாலும், எவ்வளவு நெருங்கியவர் நீட்டினாலும், கையை நீட்டாதீர்கள்.

சிறுநீரகம் பற்றி: ஆரோக்கியமான சிறுநீரகத்தை நான் சொன்ன 80 கிராம் புரதம் கெடுக்காது. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்தால்தான் கட்டுப்பாடு வேண்டும். அப்பாவின் சர்க்கரை உங்கள் சிறுநீரகத்தைப் பாதிப்பதில்லை. ஆனாலும் மருத்துவமனைக்குப் போகும்போது கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். அந்தச் சீட்டை அம்மாவிடம் காட்டினால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். சிறுநீரகத்துக்கு உண்மையான ஆபத்து ஒன்று உண்டு: வெயிலில், தண்ணீர் குடிக்காமல், திடீரென்று அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். தாங்க முடியாத தசைவலியும் கடுங்காப்பி நிறத்தில் சிறுநீரும் வந்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த டப்பாவும் மற்ற இரண்டும்

பிசிஏஏ வேண்டாம். அதிலுள்ள மூன்று அமினோ அமிலங்களும் முட்டையிலும் பாலிலும் பருப்பிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

கிரியேட்டின் அப்படியல்ல. நிறைய ஆராயப்பட்டு, ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்று தெரிந்த பொருள், பெண்களுக்கும் பலன் தரும். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற வகையில் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். முடி கொட்டும் என்ற பேச்சு, 2009ல் ரக்பி வீரர்கள் சிலரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து வந்தது. அதில் ஒரு ஹார்மோன் கூடியதைப் பார்த்தார்களே தவிர, முடி கொட்டியதா என்று யாரும் எண்ணவில்லை. ஆனாலும் இப்போது வேண்டாம். சாப்பாடும் மாதவிடாயும் சரியாகட்டும், ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள், பிறகு யோசிக்கலாம். அப்போதும் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். தசையில் நீர் சேர்ந்து ஒரு கிலோ வரை எடை கூடலாம். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் கொஞ்சம் ஏறிக் காட்டலாம், அதனால் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி டப்பா. பில் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். 2024ல் கேரளக் கல்லீரல் மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸும் அவருடன் இருந்தவர்களும் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய பத்தில் ஏழில் புரத அளவு பற்றி மேலே எழுதியிருந்தது சரியில்லை. இதில் ஒரு தந்திரம் உண்டு. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்து கணக்கிடுவார்கள். விலை மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், புரதம் அதிகமாகத் தெரியும். அதனால் உங்கள் தசைக்கு ஒரு பயனும் இல்லை. 2024ல் வெளிவந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டுதலும், உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் வாங்குவதைத் தவிர்க்கவே சொல்கிறது. நான் அவ்வளவு கண்டிப்பானவள் இல்லை. வேலை, பயணம் என்று சாப்பிடவே முடியாதவர்களுக்கு நல்ல பவுடர் ஒரு வசதி. உங்களுக்கு இப்போது அது தேவையில்லை, அவ்வளவுதான்.

போட்டிக்குப் போகிறவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊக்கமருந்து விதியில் 'எனக்குத் தெரியாது' என்பது விடுதலை தராது. உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு வீராங்கனையே பொறுப்பு. ஸ்டீராய்டு கலந்த டப்பா ஒன்றைத் தெரியாமல் குடித்திருந்தாலும் தடை வரலாம், நான்கு ஆண்டு வரை போகலாம். உங்கள் ரயில்வே கனவை நினைத்துப் பாருங்கள். என்றாவது சப்ளிமென்ட் வாங்கத்தான் வேண்டும் என்றால், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா, பில் தருகிறார்களா, ஒவ்வொரு தொகுப்பையும் ஊக்கமருந்துக்காகச் சோதிக்கும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இருந்தால் ஆபத்து குறையும், முழுவதும் போகாது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளைத் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சீனியர் அண்ணாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். சண்டை வேண்டாம். "டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார், அண்ணா" என்று என்மேல் பழியைப் போட்டுவிட்டு அந்த 1,000 ரூபாயைக் கேளுங்கள். கொடுத்தால் முட்டைக்கு ஆகும். இழுத்தடித்தால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். பயிற்சிக் கூடத்துக்குள் பில் இல்லாமல் பவுடர் விற்கப்படுகிறது என்பது அவருக்கும் தெரிய வேண்டும்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு முடிவுகள் வந்ததும் அந்த எண்களோடு மறுபடியும் எழுதுங்கள். அந்த மாதம் பீரியட்ஸ் வந்ததா என்பதையும் எழுதுங்கள், இந்த முறை முதல் பக்கத்திலேயே.